மொழி என்னும் சொல்லில் எத்தனை எழுத்து?



இன்றைய பதிவு இணையப் பக்கம் எழுதும் நிரல் நுட்பங்களைப் பற்றியது. "இது கணினிக்காரர்களின் வேலை, நமக்கெதற்கு?" என்று பக்கத்தை மூடிவிட வேண்டா. தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இரண்டு என்பதை முதலாம் ஆண்டுப் பிள்ளையும் விரல் மடக்கிச் சொல்லிவிடும். நான் எழுதிய நிரல் ஒன்று அதற்கு நான்கு என்று விடை சொன்னது. அந்த விடையை என் மாணவி ஒருத்தி நம்பினாள். அதனால் நேர்ந்ததையும், அதைத் திருத்துவதற்காக நான் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழில் பயிற்சிப் பக்கம் செய்ய விரும்பும் ஆசிரியருக்கு இதில் ஏதேனும் ஒன்று பயன்பட்டாலும் மகிழ்வேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்

கேமரன் மலையைச் சுற்றுலாவுக்காக அறிந்தவர்களே மிகுதி. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா செல்லும் சாலையில் மேலேறினால் இருபுறமும் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தேயிலைச் சரிவுகள் தெரியும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தோட்டம் இம்மலையில்தான் உள்ளது. அந்தச் சரிவுகளில் கூடை சுமந்தவர்களில் எம் மக்களும் உண்டு. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அவ்வேலையைச் செய்கின்றனர். நம்மவர்களில் பலர் கீழே இறங்கி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

2020 மார்ச் 18-இல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கற்பித்தல் முழுவதும் இணையத்துக்கு மாறியது. நகரத்து ஆசிரியர்கள் காணொளி வழியாக வகுப்பு நடத்தினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது இயலவில்லை. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகே கைக்கு வரும். மலை மடிப்புக்குள் இருக்கும் லயங்களில் அலை கிடைக்காது. மேட்டுக்கு ஏறி நின்றால் சற்று நேரம் கிடைக்கும்.

ஆகவே, காணொளி எதுவுமின்றி, ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு இணையத்தைத் தேடாத சிறு பக்கம் ஒன்றைச் செய்யலாம் என்று எண்ணினேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாள்களில் எச்டிஎம்எல் கற்றிருந்தேன். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைப் பின்னாளில் நானே தட்டுத் தடுமாறிக் கற்றேன். நான்கு இரவுகளில் பக்கம் உருவாயிற்று. திரையில் ஒரு சொல் தோன்றும், "இச்சொல்லில் எத்தனை எழுத்து?" என்று கேட்கும், பிள்ளை எண்ணைத் தட்டினால் சரியா தவறா என்று சொல்லும். சரியென்றால் ஒரு பச்சைக் கொழுந்து துளிர்க்கும். நாற்பது சொற்களைப் பட்டியலில் இட்டேன். ஒவ்வொன்றுக்கும் விடையைத் தனித்தனியே எழுதச் சோம்பல்பட்டு, எழுத்துகளை எண்ணும் வேலையை நிரலிடமே விட்டுவிட்டேன். அதற்கென ஜாவாஸ்கிரிப்டில் 'லெங்த்' என்றொரு ஆணை இருக்கிறதே என்று நினைத்தேன். மரம், பூ, நாய் என்று எல்லாவற்றையும் சோதிக்காமல், பக்கம் திறக்கிறதா, பொத்தான் வேலை செய்கிறதா, படம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். பக்கத்தின் முகவரியைப் பெற்றோருக்கு அனுப்பினேன். பலர் நன்றி தெரிவித்தார்கள்.

ஒரு பிள்ளை கண்ட விதி

அவ்வாண்டு சூலை மாதம் பள்ளி மீண்டும் திறந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பயிற்சிப் புத்தகத்தைத் திருத்தினேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை. 'மொழி' என்பதற்கு நேரே நான்கு என்று எழுதியிருந்தாள். 'பூனை' நான்கு. 'தமிழ்' ஐந்து. 'மரம்' என்பதற்கு மூன்று என்று எழுதி அடித்து, ஐந்து என்று எழுதி அடித்து, நான்கு என்று எழுதி, அதையும் அழித்திருந்தாள். தாள் கிழிந்திருந்தது.

அழைத்துக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"டீச்சர், முதல்ல நான் மொழிக்கு ரெண்டுன்னுதான் போட்டேன். ஃபோன்ல தப்புன்னு வந்துச்சு. நாலுன்னு காட்டுச்சு. அப்புறம் யோசிச்சேன். ம், ஒ, ழ், இ. நாலுதானே டீச்சர்? பூனைக்கும் அப்படித்தான் வந்துச்சு. தமிழுக்கும் வந்துச்சு. மரத்துக்கு மட்டும் வரல. எனக்கு அஞ்சு வருது, ஃபோன்ல நாலு காட்டுது."

அங்கேயே நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை செய்திருந்த வேலை எளியதன்று. இயந்திரம் சொன்ன விடைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நம்பி, உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்தால் கணக்குச் சரியாகிறது என்று தானே கண்டுபிடித்திருக்கிறாள். தொல்காப்பியம் கூறும் முதலெழுத்துகள் முப்பது. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும். அவள் அந்த முதலெழுத்துகளைத்தான் எண்ணியிருக்கிறாள். மூன்று சொற்களில் விதி பொருந்தியது. நான்காவது சொல்லில் பொருந்தவில்லை. அப்போதும் அவள் இயந்திரத்தை ஐயுறவில்லை. "எனக்கு இந்தக் கணக்கு வரல டீச்சர்" என்று தன்னைத்தான் குறைவாகச் சொன்னாள்.

நிரலில் பிழை செய்தவள் நான். அதற்கான தண்டனையை அவள் மூன்று மாதங்களாக அனுபவித்திருக்கிறாள்.

கணினி எதை எண்ணுகிறது?

அன்றிரவு அமர்ந்து, என் நிரல் எதை எண்ணுகிறது என்று ஆராய்ந்தேன். பெற்றோரும் புரிந்துகொள்ளும் வகையில் கூற முயல்கிறேன்.

கணினிக்கு எழுத்துகள் தெரியா, எண்களே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வழங்கும் முறையே யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தில் 128 இடங்கள் உள்ளன. நம்முடைய எழுத்துகளோ 247. ஒருங்குறி அவை அனைத்துக்கும் தனித்தனி எண் தரவில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய்கள் 18, கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகள் 11, புள்ளி 1, ஆக 43 எண்களைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். இவற்றுக்கு மேல் கிரந்த எழுத்துகளும் தமிழ் எண்களும் சில குறிகளும் உள்ளன.

இதில் நம் இலக்கணத்துக்கு நேர்மாறான ஒன்று உண்டு. க் என்னும் மெய்யோடு அ என்னும் உயிர் சேர்ந்தால் க என்று நாம் கற்பிக்கிறோம். கணினியில் க என்பதே அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் க் கிடைக்கிறது. ஆகவே, ம என்பது அங்கே ஓர் எண். மி என்பது இரண்டு. ம் என்பதும் இரண்டு.

இப்போது அப்பிள்ளையின் விதியைப் பாருங்கள். 'மொழி' என்பது ம, ஒகரக்குறி, ழ, இகரக்குறி என நான்கு எண்கள். அவள் பிரித்ததும் நான்கு. 'தமிழ்' என்பதில் அகரமேறிய த இருப்பதால் கணினிக்கு ஒன்று குறைகிறது. புள்ளி பெற்ற ழ் இருப்பதால் ஒன்று கூடுகிறது. இரண்டும் ஈடாகி ஐந்து. 'மரம்' என்பதில் ம, ர என்னும் இரண்டில் இரண்டு குறைந்து, ம் என்னும் ஒன்றில் ஒன்று கூடுகிறது. எனவே அவளுக்கு ஐந்து, கணினிக்கு நான்கு, உண்மையில் மூன்று. அவள் விதி ஏன் பொருந்தியது, ஏன் உடைந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதற்காக ஒருங்குறியைப் பழிப்பது முறையன்று. அதற்கு முந்தைய நிலையை என் வயதினர் மறந்திருக்க மாட்டோம். பயிற்சிக் கழகத்துக் கணினி அறையில் நான் செய்த முதல் தமிழ்ப்பக்கம் அங்கே அழகாகத் தெரிந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்து இணைய மையமொன்றில் திறந்து அம்மாவுக்குக் காட்டினேன். திரை முழுவதும் ஆங்கிலக் கிறுக்கல்கள். அந்தக் கணினியில் அதே எழுத்துரு இல்லாததே காரணம். "இதுதான் நீ எழுதினதா?" என்று அம்மா கேட்டார்.

அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தை நீக்கப் பலர் உழைத்தார்கள். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில், ஆசிரியர்களுக்குக் கற்பித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கித் தமிழை இணையத்தில் ஏற்றினார், 1999-இல் மறைந்தார். அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கி முறையில் வலையேற்றிப் பின் ஒருங்குறிக்கு மாறியது. உத்தமம் அமைப்பு 2000-இல் தோன்றியது. அதன் தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. அவ்வழியில் அமைந்த டேஸ்-16 குறியேற்றத்தையும் ஒருங்குறியையும் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் இன்று உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் இயங்குவது ஒருங்குறியே. ஆகவே, அதை அறிந்து கையாள்வதே நம் வேலை.

நான் கற்றுக்கொண்ட நுட்பங்கள்

ஒன்று: கோப்பைச் சேமிக்கும் முறை. ஒருங்குறி எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைகளுள் யூடிஎஃப்-8 என்பதே இணையத்துக்குரியது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்தது. இதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு இடம் தேவை. விண்டோசின் நோட்பேடு 2019 வரை வேறொரு முறையை இயல்பாக வைத்திருந்தது. கவனிக்காமல் அதில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். எனவே, பழைய கணினி வைத்திருப்போர் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் தொடக்கத்திலேயே சார்செட் யூடிஎஃப்-8 என்னும் மீட்டா குறியையும் எழுதுங்கள். நோட்பேடு++, விஷுவல் ஸ்டுடியோ கோடு போன்ற இலவசத் தொகுப்பிகள் கோப்பு எம்முறையில் உள்ளது என்பதைக் கீழ்ப்பட்டையிலேயே காட்டும்.

இரண்டு: எழுத்தை எண்ணுதல். 'லெங்த்' எழுத்தை எண்ணாது, குறிகளை எண்ணும். முதலில் நான் செய்த திருத்தம் எளியது. ஓர் எழுத்தும் அதைத் தொடர்ந்து வரும் ஒட்டுக்குறிகளும் சேர்ந்து ஓர் அலகு என்று வடிவக்கோவை ஒன்றை எழுதி, அந்த அலகுகளை எண்ணினேன். இப்போது அதைவிடச் செம்மையான கருவி உண்டு. 'இன்ட்டில் செக்மென்ட்டர்' என்னும் அது உலாவிக்குள்ளேயே இருக்கிறது. குரோம் உலாவியில் 2020-இலும் சஃபாரியில் 2021-இலும் ஃபயர்ஃபாக்சில் 2024-இலும் இடம்பெற்றது. 'கிராஃபீம்' அளவில் பிரிக்கச் சொன்னால் 'மொழி' என்பதை மொ, ழி என இரண்டாகத் தரும். வழங்கியில் பிஎச்பி பயன்படுத்துவோர் கவனிக்க: 'தமிழ்' என்பதற்கு 'எஸ்டிஆர்லென்' 15 என்று பைட்டுகளைச் சொல்லும், 'எம்பி எஸ்டிஆர்லென்' 5 என்று குறிகளைச் சொல்லும், 'கிராஃபீம் எஸ்டிஆர்லென்' மட்டுமே 3 என்று நம் விடையைச் சொல்லும்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. க்ஷ என்பதை இக்கருவி க், ஷ என இரண்டாகவும் ஸ்ரீ என்பதை ஸ், ரீ என இரண்டாகவும் எண்ணும். நம் பிள்ளைகளின் பெயர்களில் ஸ்ரீ மிகுதி. அதை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பது ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியது. முடிவு செய்து நிரலில் தனியே எழுத வேண்டும்.

மூன்று: சொல்லை வெட்டுதல். பெயர் எழுதும் கட்டத்துக்குப் பத்து என்று 'மேக்ஸ்லெங்த்' வைத்திருந்தேன். 'கிருஷ்ணவேணி' என்பதில் ஆறே எழுத்துகள், குறிகளோ பதினொன்று. ஆகவே, கடைசிச் சுழி உள்ளே நுழையாமல் 'கிருஷ்ணவேண' என்று நின்றுவிட்டது. ஒரு பிள்ளை தன் பெயரைச் சரியாக எழுத முடியாத பக்கத்தைத் தமிழாசிரியை செய்திருக்கிறாள். கட்டத்துக்கு எல்லை வைப்பதாயின் தாராளமாக வையுங்கள். சொல்லைத் துண்டாக்கும்போதும் தலைகீழாக்கும்போதும் மேற்சொன்ன அலகுகளைக் கொண்டே செய்யுங்கள். 'விகடகவி' என்பதைக் குறிகளாகத் திருப்பினால் முதலில் ஒரு சுழி தனியே நிற்கும். எழுத்துகளாகத் திருப்பினால்தான் மீண்டும் விகடகவி வரும். மாலைமாற்று விளையாட்டுச் செய்வோர்க்கு இது பயன்படும்.

நான்கு: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பொ என்னும் எழுத்தை ப-வோடு ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். ப-வோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய என் சொற்பட்டியலில் இரண்டாம் வகை நிறைய இருந்தது. பிள்ளை 'பொன்' என்று சரியாகத் தட்டினாலும் நிரல் தவறு என்றது. ஒப்பிடுவதற்கு முன் இருபுறமும் 'நார்மலைஸ்' என்னும் ஆணையை என்எஃப்சி முறையில் இட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ஔ என்பதை ஒ, ள என இரண்டாகத் தட்டியிருந்தால் அவ்வாணை அதைத் திருத்தாது. ஸ்ரீ என்பதும் அப்படியே: ஸ கொண்டு எழுதியதும், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶ கொண்டு எழுதியதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தோன்றும், கணினிக்கு அவை வேறுவேறு. பெயர்ப்பட்டியலில் தேடிக் கிடைக்காத பிள்ளை இருந்தால் இதைச் சோதியுங்கள்.

ஐந்து: அகரவரிசை. வெறும் 'சார்ட்' ஆணை எண் வரிசைப்படி அடுக்கும். ஒருங்குறிக் கட்டத்தில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எனவே கணினி கனகா, கமலா, கவிதா என்று அடுக்கும். நம் வரிசைப்படி கமலா, கவிதா, கனகா என்றே வர வேண்டும். ன கடைசி எழுத்தல்லவா? 'இன்ட்டில் கொலேட்டர்' என்பதைத் தமிழுக்கெனக் குறித்துப் பயன்படுத்தினால் வரிசை சரியாகும்.

ஆறு: காட்டும் முறை. எழுத்து எழுத்தாகத் தோன்றச் செய்யும் அசைவுப் படத்தில் குறிகளைத் தனித்தனியே விட்டால், உயிர்க்குறி புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு வந்து நிற்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் அந்த வட்டத்தையும் சேர்த்துப் புத்தகத்தில் வரைந்து வந்தான். அங்கும் அலகுகளாகவே விடுங்கள். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்று மிகுதியாக இடம் விடுங்கள். மேலே சுழியும் கீழே வளைவும் முட்டிக்கொள்ளா. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டணமில்லா எழுத்துருக்கள் உள்ளன. ஆனால் எழுத்துருவை இறக்கவும் நேரமாகும் என்பதை மறவாதீர்கள். கைப்பேசியில் உள்ள எழுத்துருவே போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள். எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் உருவாக்குநர் கருவியில் இணைய வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. உங்கள் வீட்டு வேகத்தில் பாராமல், மேட்டில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் வேகத்தில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள்.

ஏழு: சோதனைப் பட்டியல். எல்லாவற்றிலும் இதுவே முதன்மையானது. நான் செய்யத் தவறியதும் இதுவே. நிரல் எழுதுமுன் விடை தெரிந்த சொற்களைக் கையால் எழுதி வையுங்கள். அம்மா 3, அஃது 3, மொழி 2, பூனை 2, மரம் 3, தமிழ் 3, விகடகவி 5, கேமரன் 4. இவற்றுக்கு நிரல் தரும் விடை உங்கள் விடையோடு ஒத்துப்போனால்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை நிரலை மாற்றிய பின்னும் இப்பட்டியலை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தொழில்முறை நிரலாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தேர்வுத்தாளை அச்சுக்கு அனுப்புமுன் விடைத்தாளை எழுதிப் பார்க்கும் நமக்கு இது புதிய பழக்கமன்று.

தராசும் திரையும்

அலகு என்பதை என் வகுப்பில் விளக்கக் கொழுந்தைத்தான் காட்டினேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்து ஒரு கொழுந்து. பறிப்பவர் அதை ஒன்றாகக் கிள்ளுகிறார். மூன்று என்று எண்ணுவதில்லை. அதுபோல ழ-வும் அதன் சுழியும் சேர்ந்து ஓர் எழுத்து. கணினிக்குக் கிள்ளத் தெரியவில்லை. இலை இலையாக எண்ணிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கொழுந்து என்றதும் அம்மாவின் நினைவு வருகிறது. மாலையில் நிறுவைக்கு நிற்கும்போது, கூடையின் பாரம் அவருடைய முதுகுக்குத் தெரியும். "இன்னிக்கு முப்பதுக்குக் குறையாது" என்று வரிசையில் நிற்கும்போதே என்னிடம் சொல்வார். தராசில் இருபத்தைந்து என்று எழுதுவார்கள். கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கழிவு உண்டு. எதற்கு எவ்வளவு என்று யாரும் விளக்கியதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "எனக்குத்தான் சரியா மட்டுக்கட்டத் தெரியல போல" என்பார். அவருக்கு மட்டுக்கட்ட நன்றாகவே தெரியும் என்று சிறுபிள்ளையான எனக்கே தெரிந்திருந்தது.

"எனக்கு இந்தக் கணக்கு வரல டீச்சர்" என்று அப்பிள்ளை சொன்னபோது அம்மாவின் குரல்தான் கேட்டது. இந்த முறை தராசை வைத்திருந்தவள் நான்.

மறுநாள் அவளை வகுப்பின் முன் அழைத்து, "தவறு செய்தது நான்; இவள் முதலில் எழுதிய இரண்டுதான் சரி" என்று சொன்னேன். அவள் கண்டுபிடித்த விதியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பிறகு அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். நான் திருத்திய பக்கத்தில் நாற்பது சொற்களையும் அவள் முதலில் கையால் எண்ணி எழுத வேண்டும். பிறகு நிரலின் விடையோடு ஒப்பிட வேண்டும். மாறுபட்டால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"முப்பத்தொம்பது சரியா இருக்கு டீச்சர். ஸ்ரீக்கு மட்டும் ரெண்டுன்னு காட்டுது. தப்புதானே?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"ஒண்ணுதான். நீங்க நிரலை மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன். மேலே ஸ்ரீயைப் பற்றி எழுதியது அவள் சொன்னதிலிருந்து வந்ததுதான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கைப்பேசியில் பயிற்சி செய்யும்போது "தவறு" என்று வந்தால், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அருகில் அமர்ந்து ஒருமுறை நீங்களும் எண்ணிப் பாருங்கள். விரலை மடக்கி எண்ணினாலே போதும். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் இத்தகைய பக்கம் செய்திருந்தால் அந்த எட்டுச் சொற்களை இட்டுச் சோதித்துப் பாருங்கள். விடைகள் ஒத்துப்போகவில்லையெனில் எனக்கு எழுதுங்கள். இருவரும் சேர்ந்து திருத்துவோம்.

வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. மின்சாரம் இருக்கும்போதே இதை ஏற்றிவிடுகிறேன். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம். வணக்கம்.